உலகம் எப்போது அழியும்? தீர்க்கதரிசனங்களும் அறிவியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொது இடங்களில் தொலைநோக்கியை நிறுத்தி இரவு வானத்தைக் காட்டும் வேலையில் ஈடுபட்டிருக்கும் எனக்கு, வியாழனின் நிலவுகளைப் பற்றிய கேள்விகளுக்கு நிகராக உலக அழிவைப் பற்றிய கேள்விகளும் வருகின்றன. மாணவர்களும் பெற்றோரும் ஓய்வு பெற்றவர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றை அவர்களுடைய சொற்களிலேயே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். எந்தச் சமயத்தின் நம்பிக்கையையும் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று. ஒரு தேதியைக் குறித்துக் காட்டி மக்களை அஞ்ச வைப்பதையே எதிர்க்கிறேன்.

உலகம் அழியுமா, அழியாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

அழியும். பூமிக்கு இப்போது ஏறத்தாழ 454 கோடி வயது. அது என்றென்றும் இருக்கப் போவதில்லை. ஆனால் நாமும் நம் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் வாழும் காலத்தில் பூமி என்னும் கோள் அழிவதற்கு அறியப்பட்ட காரணம் எதுவும் இல்லை.

இந்தக் கேள்வியில் நான்கு வெவ்வேறு செய்திகள் கலந்திருப்பதால்தான் குழப்பம் வருகிறது. பூமி என்ற பாறைக் கோளின் அழிவு, அதன் மேல் உள்ள உயிர்களின் அழிவு, மனித இனத்தின் அழிவு, நம் நாகரிகத்தின் சிதைவு ஆகிய நான்கும் ஒன்றல்ல. முதலாவதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் உள்ளன. நான்காவது கவலைப்பட வேண்டிய ஒன்று. அது பெருமளவுக்கு நம் கையில் இருக்கிறது. அதைப் பின்னால் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

சூரியன் வெடித்து எல்லாம் சாம்பலாகிவிடும் என்கிறார்களே, அது எப்போது?

சூரியன் வெடிக்காது. வெடித்துச் சிதறும் விண்மீன்கள் சூரியனைப் போல் எட்டு மடங்கோ அதற்கு மேலோ நிறை கொண்டவை. சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கரு இணைந்து ஹீலியமாக மாறிக்கொண்டிருக்கிறது. மாற மாற மையம் சுருங்கிச் சூடேறுவதால் சூரியனின் ஒளி 100 கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. பிறந்தபோது இருந்த சூரியன் இன்றைய ஒளியில் 70 விழுக்காட்டை மட்டுமே வீசியது.

ஆகவே பூமியின் உயிர்களுக்கு முடிவு வருவது சூரியன் பெரிதாக வீங்கும்போது அன்று, அதற்கு வெகு காலம் முன்பே. வெப்பம் கூடும்போது பாறைகள் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை விரைவாகப் பிணைத்துக்கொள்ளும். ஒளிச்சேர்க்கைக்குப் போதிய வாயு இன்றிச் செடிகொடிகள் நலியும். இன்னும் 100 கோடி ஆண்டு அளவில் கடல்கள் ஆவியாகத் தொடங்கும் என்பது பல கணக்கீடுகளின் முடிவு. அதற்குப் பிறகு எஞ்சும் பூமி வெறும் சுட்ட பாறையாகவே இருக்கும்.

ஏறத்தாழ 500 கோடி ஆண்டுக்குப் பின் மையத்தின் ஹைட்ரஜன் தீர்ந்து, சூரியன் செம்பெரு விண்மீனாக வீங்கும். புதனையும் வெள்ளியையும் அது விழுங்கிவிடும். பூமியையும் விழுங்குமா என்பதில் வானியலாளர்களுக்குள் விவாதம் உண்டு: சூரியன் நிறையை இழப்பதால் பூமியின் பாதை விரியும், ஆனால் சூரியனின் புற வளிமண்டலத்தின் உராய்வும், ஈர்ப்பின் ஏற்றத்தாழ்வால் எழும் ஓத விசையும் பூமியை உள்ளே இழுக்கும். 2008-இல் வெளியான ஒரு கணக்கீடு, 760 கோடி ஆண்டு அளவில் பூமி விழுங்கப்படும் என்று கண்டது.

அதற்குள் தப்பிக்க வழியே இல்லையா?

காலம் நிறைய இருப்பதால் சிலர் இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2001-இல் மூன்று அமெரிக்க வானியலாளர்கள், ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு விண்பொருளை ஆறாயிரம் ஆண்டுக்கு ஒரு முறை பூமிக்கு அருகில் கடந்து போகச் செய்தால், அதன் ஈர்ப்பினால் பூமியின் பாதையைச் சிறிது சிறிதாக வெளியே நகர்த்தலாம் என்று காட்டினார்கள். இயற்பியல் விதி எதுவும் இதைத் தடுக்கவில்லை. நடைமுறையில் ஒரு பிழை நேர்ந்தாலும் அந்தப் பொருளே பூமியின் மேல் விழுந்துவிடும் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

2012-இல் அழியும் என்று மாயன் காலண்டர் சொன்னதே, ஏன் அழியவில்லை?

மத்திய அமெரிக்காவின் தொன்மையான மாயா மக்கள் அப்படிச் சொல்லவே இல்லை. நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் அவர்களுடைய நீண்ட காலக் கணக்கு கி.மு. 3114-இல் தொடங்குகிறது. 1,44,000 நாட்கள் கொண்ட பகுதிக்கு பக்தூன் என்று பெயர். அதில் 13 பக்தூன்கள், அதாவது 18,72,000 நாட்கள், 2012 டிசம்பர் 21-ஐ ஒட்டி நிறைவுற்றன. சுவரில் மாட்டிய தினசரி நாட்காட்டியின் கடைசித் தாளைக் கிழித்தவுடன் அடுத்த ஆண்டின் நாட்காட்டியை மாட்டுவது போல, ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்று தொடங்கும் என்பதே அவர்களின் கருத்து. மெக்சிகோவில் பலென்கே என்னும் இடத்திலுள்ள ஒரு கல்வெட்டு, பாகல் என்ற மன்னர் அரியணை ஏறிய நாளின் நிறைவை கி.பி. 4772 வரை எண்ணிச் சொல்கிறது. 2012-இல் எல்லாம் முடியும் என்று நம்பியவர்கள் 4772-க்கு நாள் குறித்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தேதியோடு 'நிபிரு' என்ற மறைகோள் பூமியில் மோதும் என்ற வதந்தியும் ஒட்டப்பட்டது. சில ஆண்டுகளில் மோதும் அளவுக்கு ஒரு கோள் நெருங்கிக்கொண்டிருந்தால், அதைத் தொலைநோக்கி வைத்திருக்கும் எந்தப் பொழுதுபோக்கு வானியலரும் கண்டுவிடுவார். இறுதி மாதங்களில் வெறுங்கண்ணுக்கே தெரியும். எந்த அரசாலும் வானத்தை மறைக்க முடியாது.

நம் நாட்டில் யாரும் இப்படித் தேதி குறித்ததில்லையா? எல்லாம் வெளிநாட்டுக் கதையாகவே இருக்கிறதே.

குறித்ததுண்டு, இன்று எழுபது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு அது நினைவிருக்கும். 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஏழுடன் கேதுவும் மகர ராசியில் கூடின. இந்த அஷ்டக்கிரகச் சேர்க்கையால் பேரழிவு நேரும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. வேள்விகளும் கூட்டு வழிபாடுகளும் இரவு பகலாக நடந்தன. குறிப்பாக வட இந்தியாவில் பயணங்களையும் திருமணங்களையும் வணிகத்தையும் தள்ளிப்போட்டவர்கள் ஏராளம். பிப்ரவரி 5 அன்று பசிபிக் பகுதியில் முழுச் சூரிய கிரகணமும் நிகழ்ந்ததால் அச்சம் மேலும் கூடியது.

எதுவும் நடக்கவில்லை. அதே மாதம் 19 முதல் 25 வரை இந்தியாவின் மூன்றாவது பொதுத் தேர்தல் முறைப்படி நடந்து முடிந்தது. அக்டோபரில் சீனாவுடன் போர் மூண்டபோது, அதுவே அஷ்டக்கிரகத்தின் பலன் என்று விளக்கம் வந்தது. இன்றும் அப்படி எழுதுவோர் உண்டு. மூன்று நாட்களுக்குள் உலகமே அழியும் என்ற கணிப்பு, எட்டு மாதம் கழித்து நடந்த ஓர் எல்லைப் போராகச் சுருங்கிவிட்டதை இங்கே கவனிக்க வேண்டும். இந்த உத்தியைப் பின்வரும் விடைகளிலும் காண்பீர்கள்.

1979 ஜூலையில் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப் போகிறது என்றபோதும் தென்னிந்தியக் கிராமங்களில் பெரும் பீதி ஏற்பட்டது. ஏறத்தாழ 77 டன் எடையுள்ள அந்த நிலையம் ஜூலை 11 அன்று உடைந்து, இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளரவமற்ற பகுதிகளிலும் விழுந்தது.

சோதிடத்தை விடுங்கள். கோள்கள் எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தால் ஈர்ப்பு கூடிப் பூகம்பம் வராதா?

வராது. பூமியின் நிலத்தையும் நீரையும் இழுத்து நெகிழச் செய்வது ஓத விசை. அது தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறையும்; அதாவது தொலைவு இரு மடங்கானால் விசை எட்டில் ஒரு பங்காகும். அதனால் அருகிலிருக்கும் சிறிய சந்திரன்தான் கடலில் ஏற்ற வற்றத்தை உண்டாக்குகிறது. மிக நெருங்கி வரும் வெள்ளியின் ஓத விசை கூடச் சந்திரனுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை எட்டாது. மிகப் பெரிய கோளான வியாழனின் பங்கு, தொலைவின் காரணமாக, அதனினும் குறைவு. எல்லாக் கோள்களையும் ஒரே கோட்டில் நிறுத்தினாலும் அந்தக் கூட்டுத்தொகை பொருட்படுத்தத் தக்கதாக ஆகாது. 2000 மே 5 அன்றும் கோள்கள் இவ்வாறு கூடின. அன்றும் ஒன்றும் நேரவில்லை.

2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் கேள்வியை மிகுந்த வேதனையோடு கேட்டவர்கள் உண்டு. அன்றைய நிலநடுக்கத்துக்குக் காரணம், பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான இந்தியத் தட்டு சுமத்ராவுக்கு அருகில் பர்மா நுண்தட்டின் கீழ் நழுவியது. பல நூறு ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த இறுக்கம் சில நிமிடங்களில் விடுபட்டது. நிலநடுக்கத்தின் நாளையும் நேரத்தையும் முன்கூட்டிச் சொல்லும் முறை எவரிடமும் இல்லை. நடந்த பின் அலை கரையை அடைவதற்குள் எச்சரிக்க முடியும். அதற்காக ஐதராபாதில் 2007 முதல் ஓர் எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது.

பைபிளிலேயே உலக முடிவைப் பற்றி எழுதியிருக்கிறது. அதை வைத்து ஒருவர் தேதி சொன்னால் என்ன தவறு?

முடிவைப் பற்றி எழுதியிருக்கிறது. தேதியைப் பற்றி எழுதியிருப்பது வேறு. மத்தேயு 24:36, அந்த நாளையும் நேரத்தையும் பிதாவைத் தவிர வானதூதர் கூட அறியார் என்கிறது. குர்ஆன் 7:187-உம் இறுதி நேரத்தைப் பற்றிய அறிவு இறைவனிடம் மட்டுமே உண்டு என்கிறது. கையில் ஒரு பேரீச்சங்கன்று இருக்கும்போது இறுதி நேரம் வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடுங்கள் என்ற நபிமொழியையும் இசுலாமிய நண்பர்கள் எனக்குச் சுட்டிக்காட்டுவதுண்டு. தேதி குறிப்பவர் தம் மறைநூல் மூடி வைத்த கதவைத் தாமே உடைக்கிறார் என்பதே என் கருத்து.

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க விவசாயி, தானியேல் நூலில் வரும் 2,300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு, கிறித்துவின் வருகை 1843-க்கும் 1844-க்கும் இடையில் நிகழும் எனக் கணித்தார். அவரைப் பின்பற்றியோர் இறுதியில் 1844 அக்டோபர் 22 என்று நாளைக் குறித்தனர். பல்லாயிரம் பேர் காத்திருந்தனர். பயிரை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்களும் கடையை மூடியவர்களும் உண்டு. அந்த நாள் 'பெரும் ஏமாற்றம்' என்ற பெயரில் வரலாற்றில் இடம்பெற்றது. நம் காலத்தில், ஹெரால்டு கேம்பிங் என்ற வானொலிப் போதகர் 2011 மே 21 என்றார். அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்று மாற்றினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் தேதி குறித்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அதற்குள் விளம்பரப் பலகைகளுக்காகத் தம் சேமிப்பைக் கொடுத்தவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை.

கலி முற்றிவிட்டது, கலியுகம் முடியப் போகிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

அந்தக் கணக்கை அதன் சொந்த விதிப்படியே பார்ப்போம். புராணங்களிலும் சித்தாந்தம் எனப்படும் பழைய வானியல் நூல்களிலும் கலியுகம் 1,200 தேவ ஆண்டுகள். ஒரு தேவ ஆண்டு 360 மனித ஆண்டுகள். ஆக 4,32,000 ஆண்டுகள். தொடக்கம் கி.மு. 3102. நம் பஞ்சாங்கங்களில் அச்சாகும் கலியாண்டின்படி இதுவரை சற்றேறக்குறைய 5,100 ஆண்டுகள் கழிந்துள்ளன. இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் மீதம் இருக்கிறது. இந்தப் பெருக்கலைத் தவிர்த்து யுகங்களைச் சில ஆயிரம் ஆண்டுகளாகச் சுருக்கிக் கணக்கிட்டவர்களும் உண்டு. ஆயினும் நாளை மறுநாள் கல்கி வருவார் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இரண்டில் எந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்பதில்லை.

நம் மரபின் ஊழிக் கதைகள் முடிவைவிட மீதத்தையே பேசுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கும்பகோணத்தின் தலபுராணத்தில் வெள்ளத்தில் மிதந்து வருவது படைப்பின் வித்துகள் அடங்கிய குடம். சீர்காழிக்குத் தோணிபுரம் என்ற பெயர் வந்தது, ஊழி வெள்ளத்தில் அது தோணியாக மிதந்தது என்ற கதையால். இவற்றைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உலக முடிவு ஓர் அச்சுறுத்தலாக ஏன் தோன்ற வேண்டும் என்பது எனக்கு விளங்குவதில்லை.

ஒரு கல்பம் 432 கோடி ஆண்டு. பூமியின் வயதும் கிட்டத்தட்ட அதுதான். நம் முன்னோர்கள் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்கு இது போதாதா?

கோடிக்கணக்கான ஆண்டுகளில் காலத்தை எண்ணத் துணிந்த மரபு என்பது உண்மை. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உலகின் வயது ஆறாயிரம் ஆண்டு என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தப் பொருத்தம் பொருத்தமன்று. 432 கோடி என்பது ஒரு கல்பத்தின் முழு நீளம். 454 கோடி என்பது பூமிக்கு இதுவரை கழிந்த காலம். ஒப்பிட வேண்டுமானால் கல்பத்தில் இதுவரை கழிந்ததை எடுக்க வேண்டும். பூசையில் சொல்லும் சங்கற்பமே அதைத் தருகிறது: சுவேதவராக கல்பம், ஏழாவதான வைவசுவத மன்வந்தரம், 28-ஆம் சதுர்யுகம், அதில் கலியின் முதற்பாதம். இதன்படி கழிந்தது ஏறத்தாழ 197 கோடி ஆண்டுகள். அது பூமியின் வயதில் பாதிக்கும் குறைவு.

பௌத்தப் பாலி நூல் ஒன்றில் ஏழு சூரியன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, ஆறுகளும் கடல்களும் வற்றி, இறுதியில் மேரு மலையே எரியும் என்ற புத்தரின் உரை இருக்கிறது. சூரியனைப் பற்றிய விடையில் சொன்னதை அது வியப்பூட்டும் வகையில் ஒத்திருக்கிறது. எனினும் அந்த உரையின் நோக்கம் நிலையாமையை உணர்த்துவது. விண்மீனின் மையத்தில் நடப்பதை விளக்குவது அன்று. அளந்து பார்த்து மறுக்கவோ ஏற்கவோ முடிகிற கூற்றே அறிவியல் கூற்றாகும்.

விஞ்ஞானி நியூட்டனே 2060-இல் உலகம் முடியும் என்று எழுதி வைத்தாராமே?

எழுதியது உண்மை, சொல்லப்படும் பொருள்தான் உண்மையல்ல. 1704 அளவில் எழுதிய, அச்சாகாத தாள் ஒன்றில், கி.பி. 800-ஐத் தொடக்கமாகக் கொண்டு 1,260 ஆண்டுகளைக் கூட்டி 2060 என்று நியூட்டன் கணக்கிட்டிருக்கிறார். அதற்கு முன் முடிவு வர வழியில்லை, பின்னர் வரலாம் என்பதே அவர் கூற்று. அடிக்கடி தேதி குறித்து, அவை பொய்த்து, மறைநூலுக்கு இழுக்குத் தேடித் தருவோரின் வாயை அடைக்கவே இதைக் குறிப்பிடுவதாகவும் அங்கேயே எழுதியிருக்கிறார்.

இந்தக் கணக்கு அவருடைய இயற்பியலிலிருந்து வந்ததன்று, மறைநூல் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. ஒருவர் ஈர்ப்பு விதியைக் கண்டறிந்தவர் என்பதால் அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் அறிவியலாகிவிடாது.

பாபா வங்காவும் நாஸ்டர்டாமஸும் சொன்னது எல்லாம் பலித்திருக்கிறதே?

பல்கேரியாவின் பாபா வங்கா 1996-இல் காலமானார். தம் கைப்பட எதையும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டு தொடக்கத்திலும் தொலைக்காட்சியில் வரும் பட்டியல்கள் பிறர் அவர் பெயரில் சேர்த்தவை. நாஸ்டர்டாமஸ் எழுதினார்; ஆனால் ஊரும் பேரும் ஆண்டும் பெரும்பாலும் இல்லாத மங்கலான பாடல்களாக எழுதினார். ஆண்டைத் தெளிவாகக் குறித்த அரிய பாடல்களில் ஒன்று, 1999-இன் ஏழாம் மாதத்தில் வானிலிருந்து ஓர் அச்சமூட்டும் மன்னன் வருவான் என்றது. யாரும் வரவில்லை. நிகழ்ச்சிக்கு முன்பே அச்சில் வந்த, தெளிவான தேதியும் இடமும் கொண்ட கூற்றை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். பலித்தவை எத்தனை என்று நீங்களே எண்ணிவிடலாம்.

டைனோசர்கள் அழிந்தது போல ஒரு விண்கல் விழுந்து நாமும் அழிய மாட்டோமா?

இது நியாயமான அச்சம். 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள சிறுகோள் மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் விழுந்து, 180 கிலோமீட்டர் அளவுக்கு வட்டப்பள்ளத்தை உண்டாக்கியது. நம் நாட்டிலேயே மகாராட்டிரத்தின் லோனார் ஏரி, 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள மோதல் பள்ளம்தான். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்த கல் வெறும் 20 மீட்டர் அளவினது. உடைந்த கண்ணாடிகளால் ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர்.

ஆனால் இது நாம் கண்காணிக்கக் கூடிய, ஓரளவு தடுக்கவும் கூடிய ஆபத்து. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட, பூமியை நெருங்கும் சிறுகோள்களில் மிகப் பெரும்பாலானவை கண்டறியப்பட்டுவிட்டன. அவற்றுள் எதுவும் அடுத்த நூறாண்டில் மோதும் பாதையில் இல்லை. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்ஃபோஸ் என்ற சிறு விண்பொருளின் மேல் வேண்டுமென்றே மோதி, அது தன் பெரிய துணைச் சிறுகோளைச் சுற்றிவரும் காலத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் குறைத்தது. டைனோசர்களுக்கு இந்த வாய்ப்பு இருக்கவில்லை.

2032-இல் ஒன்று மோதும் என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிக்கொண்டார்களே. அவர்களை மட்டும் எப்படி நம்புவது?

'2024 ஒய்ஆர்4' என்ற சிறுகோள் 2024 டிசம்பர் 27 அன்று கண்டறியப்பட்டது. 2032 டிசம்பர் 22 அன்று அது மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரியில் 3.1 விழுக்காடு வரை உயர்ந்து, சில நாட்களிலேயே ஏறத்தாழ பூச்சியமாகிவிட்டது. மோதக் கூடிய பாதையில் தெற்காசியாவும் இருந்ததால் நம் ஊரிலும் அச்சம் பரவியது. முதல் சில வாரப் பார்வைகளிலிருந்து அதன் வருங்கால இருப்பிடத்தை மிகப் பரந்த ஒரு பட்டையாகத்தான் சொல்ல முடியும். புதிய அளவீடுகள் வர வரப் பட்டை குறுகும். பூமி அந்தப் பட்டைக்குள் இருக்கும் வரை, பட்டை குறுகும்போது பூமி அடைக்கும் பங்கு கூடும்; பட்டை பூமியைவிட்டு விலகிய கணத்தில் வாய்ப்பு சரிந்துவிடும். எண் ஏறி இறங்கியதில் பின்வாங்கலோ மறைப்போ இல்லை. மோதியிருந்தாலும் அந்த அளவுள்ள கல் ஒரு நகரை அழிக்குமே தவிர, உலகை அழிக்காது.

அறிவியலாளர்கள் உண்மையாகவே தவறியதும் உண்டு. 1910 மே மாதம் பூமி ஹேலி வால்மீனின் வாலைக் கடந்தபோது, அதிலுள்ள சயனோஜன் வாயு உயிர்களை அழித்துவிடக் கூடும் என்று பிரெஞ்சு வானியலர் கமில் ஃபிளமாரியான் சொன்னதாக நாளிதழ்கள் எழுதின. 'வால்மீன் மாத்திரை' விற்றவர்கள் லாபம் பார்த்தார்கள். 1982 மார்ச்சில் கோள்கள் ஒரு பக்கம் கூடுவதால் கலிபோர்னியாவில் நிலநடுக்கம் வரும் என்று 1974-இல் எழுதியவர்களும் அறிவியல் படித்தவர்களே. இரு முறையும் அந்த நாளுக்கு முன்பே அவர்களை மறுத்தவர்கள் மற்ற அறிவியலாளர்கள். நான் நம்பச் சொல்வது அறிவியலாளர் என்ற ஆளை அன்று. ஒருவர் சொன்னதை மற்றவர் அளந்து பார்த்துத் திருத்தும் அந்த ஏற்பாட்டை.

தேதி பொய்த்த பிறகும் அதே ஆளை நம்புகிறார்களே, அது எப்படி?

1954-இல் அமெரிக்காவின் சிகாகோ அருகே ஒரு சிறு குழு, டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், தங்களை மட்டும் பறக்கும் தட்டு காப்பாற்றும் என்று நம்பியது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற சமூக உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் அந்தக் குழுவுக்குள் நுழைந்து கவனித்தார்கள். வெள்ளம் வராதபோது, தங்கள் பிரார்த்தனையால்தான் உலகம் தப்பியது என்று குழுவினர் விளக்கம் கொண்டதாகவும், முன்னினும் ஊக்கத்தோடு பரப்பத் தொடங்கியதாகவும் அவர் எழுதினார். வேலையையும் உறவையும் விட்டு வந்தவருக்கு, தாம் ஏமாந்தோம் என்று ஏற்பது புதிய விளக்கத்தை ஏற்பதைவிடக் கடினம் என்பது அவர் முடிவு. நுழைந்த ஆய்வாளர்களே குழுவின் போக்கைப் பாதித்தார்கள் என்ற வலுவான விமர்சனமும் உண்டு.

நடைமுறையில் இரண்டும் நடக்கின்றன. முன்னர் சொன்ன மில்லரின் ஆதரவாளர்களில் பலர் விலகிவிட்டார்கள். எஞ்சியோரில் ஒரு பகுதியினர், அன்று நிகழ்ந்தது மண்ணுலகில் அல்ல, விண்ணுலகில் என்று பொருள் கொண்டு, 1863-இல் ஏழாம் நாள் அட்வெந்து சபையாக அமைந்தனர். அந்தச் சபை இன்று தேதி குறிப்பதில்லை; உலகெங்கும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகிறது.

நம்புகிறவர்கள் நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நட்டம்?

உயிரே நட்டமாகியிருக்கிறது. 1997-இல் கலிபோர்னியாவில் ஒரு வால்மீனைத் தொடர்ந்து விண்கலம் வருகிறது என்று நம்பிய 39 பேர் இறந்தார்கள். 2000 மார்ச்சில் உகாண்டாவின் கனுங்குவில், உலக முடிவை எதிர்பார்த்த ஒரு குழுவினர் பல நூறு பேர் மாண்டார்கள். 2023-இல் கென்யாவின் ஷகாஹோலா காட்டில், பட்டினி கிடந்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று சொல்லப்பட்ட 400-க்கும் மேற்பட்டோரின் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. அவர்களில் குழந்தைகள் பலர். உலகம் ஒரு நாள் அழியும் என்று நம்பியதால் அவர்கள் சாகவில்லை. நாளும் வழியும் தனக்கு மட்டுமே தெரியும் என்று சொன்ன ஒருவரிடம் தம் முடிவுகளை ஒப்படைத்ததால் மாண்டார்கள்.

உங்கள் வீட்டில் யாரேனும் இப்படி ஒரு தேதிக்காக நகையை விற்கவோ, மருந்தை நிறுத்தவோ, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தவோ முனைந்தால், அவர்களுடைய கடவுள் நம்பிக்கையோடு வாதிடாதீர்கள். அந்தச் செயலை மட்டும் தேதி கடக்கும் வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். அதை ஏற்க விடாமல் அவசரப்படுத்துபவர் எவரோ, அவரிடமிருந்துதான் அவர்களைக் காக்க வேண்டும்.

அணுகுண்டு, புவி வெப்பமாதல் என்று அறிவியலும் அழிவைத்தானே சொல்கிறது?

சொல்கிறது, ஆனால் தேதியாக அன்று, நிபந்தனையாக. முதல் விடையில் நான்காவதாகக் குறிப்பிட்டது இதுவே. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் கூடியிருந்தது. இது பூமியை அழிக்காது. கடலோரத்தில் வாழ்பவரையும் மழையை நம்பி உழுபவரையும் வெயிலில் உழைப்பவரையும் அழிக்கவல்லது. எவ்வளவு கரியை எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறும். அணு ஆயுதங்களும் அப்படியே: உலகில் ஏறத்தாழ 12,000 இருக்கின்றன, அவை தாமாக வெடிப்பதில்லை.

'ஊழிக் கடிகாரம்' என்று செய்திகளில் வருவது கணிப்பன்று. அமெரிக்க அணு அறிவியலாளர்களின் இதழ் ஒன்று 1947-இல், நள்ளிரவுக்கு ஏழு நிமிடம் என்று தொடங்கிய குறியீடு அது. பனிப்போர் ஓய்ந்த 1991-இல் 17 நிமிடத்துக்குப் பின்னோக்கி வைத்தார்கள்; 2025 ஜனவரியில் 89 வினாடிக்குக் கொண்டுவந்தார்கள். தீர்க்கதரிசனத்துக்கும் எச்சரிக்கைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: எச்சரிக்கை பொய்க்க வேண்டும் என்று விரும்பியே எச்சரிப்பவர் பேசுகிறார்.

பூமி போகட்டும், பிரபஞ்சத்துக்கே முடிவு உண்டா?

இங்கே விடைகள் இன்னும் திறந்திருக்கின்றன. பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று 1998-இல் கண்டார்கள்; 2011-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வேகம் இப்படியே தொடர்ந்தால், நூறு இலட்சம் கோடி ஆண்டு அளவில் கடைசி விண்மீன்களும் அணைந்து, இருளும் குளிரும் மட்டுமே மீதமாகும். வேகத்தைத் தரும் கருப்பு ஆற்றல் காலப்போக்கில் நலிகிறதோ என்ற ஐயத்தை அரிசோனாவிலிருந்து விண்மீன் மண்டலங்களின் பரவலை அளக்கும் டெசி ஆய்வு 2024, 2025 ஆண்டுகளில் எழுப்பியிருக்கிறது. அது உறுதியானால் முடிவைப் பற்றிய படமும் மாறும்.

நம் பால்வீதியும் அதன் அண்டை விண்மீன் மண்டலமான ஆண்டிரோமீடாவும் மோதுவது உறுதி என்று 2012-இல் சொல்லப்பட்டது. 2025-இல் வந்த கணக்கீடு, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அது நிகழ்வதற்குப் பாதி வாய்ப்புதான் என்கிறது.

அடுத்த தேதி எது? எதற்கு நாங்கள் தயாராக இருக்க வேண்டும்?

2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை. அன்று அப்போபிஸ் என்னும் சிறுகோள் பூமிக்கு மிக அருகில் வருகிறது; மிக நெருங்கும் தருணம் இந்திய நேரப்படி ஏப்ரல் 14 அதிகாலை மூன்றேகால் மணியளவில். அன்றைக்கே சித்திரை முதல் நாள், தமிழ்ப் புத்தாண்டு. மேலை நாட்டாருக்கு அச்சம் தரும் 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையும் நமக்குப் புத்தாண்டும் ஒன்றாக வருவதால், 2028-இன் இறுதியிலிருந்தே வதந்திகள் பெருகும் என்று எதிர்பார்க்கிறேன். 2004-இல் அது கண்டறியப்பட்டபோது மோதும் வாய்ப்பு 2.7 விழுக்காடு வரை சென்றதும், அழிவோடு தொடர்புடைய எகிப்தியப் புராணப் பாத்திரத்தின் பெயர் அதற்கு வைக்கப்பட்டதும் அவற்றுக்குத் துணை சேர்க்கும்.

உண்மை நிலை இது: 2021-இல் ரேடார் மூலம் அதன் பாதையைத் துல்லியமாக அளந்து, குறைந்தது நூறு ஆண்டுகளுக்கு அது பூமியில் மோதாது என்று உறுதி செய்துவிட்டார்கள். தரைக்கு மேல் ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது தொலைக்காட்சி ஒளிபரப்புச் செயற்கைக்கோள்களைவிடத் தாழ்வாக, அது கடந்து செல்லும். ஏறத்தாழ 350 மீட்டர் அளவுள்ள ஒரு சிறுகோள் இவ்வளவு நெருங்கி வருவது மிக அரிது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் வானம் தெளிவாக இருந்தால் வெறுங்கண்ணுக்கே நகரும் ஒளிப்புள்ளியாகத் தெரியும். விண்கலங்கள் அதைப் பின்தொடர்ந்து ஆராய ஏற்பாடுகள் நடந்து வருகின்றன.